காலனியில் கூடிய முதல் கிராம சபை

எந்த நாடு யாரிடமிருந்து விடுதலை வாங்கியது என்று கேட்டால் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இந்தோனேசியா டச்சுக்காரர்களிடமிருந்து. கானா ஆங்கிலேயரிடமிருந்து. அல்ஜீரியா பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து, அதுவும் ஏழெட்டு வருஷம் சண்டை போட்டு. இதையெல்லாம் ஆசைப்பட்டுப் படித்தேன் என்று நினைக்க வேண்டாம். அரசு வேலைப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடத்துச் சமூக அறிவியல் புத்தகங்களை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். கூடுவாஞ்சேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. போகவும் வரவும் ரயிலில் நின்றுகொண்டே படிப்பு. மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கொஞ்ச மார்க்கில் கோட்டை விட்டேன். வேலை கிடைக்கவில்லை, கானா மட்டும் மண்டையில் தங்கிவிட்டது.

எங்கள் தெருவுக்கு எல்லாப் பதிவேட்டிலும் காலனி என்றுதான் பெயர். ஏரிக்கரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். அதனால் பாடத்தில் காலனி நாடுகள் என்று வரும்போதெல்லாம் எனக்கு முதலில் எங்கள் தெருமுனைக் குழாயடிதான் கண்ணில் வந்து நிற்கும். அந்தச் சொல்லே இனி வேண்டாம் என்று இப்போது அரசாங்கம் சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனாலும் பஸ்ஸில் கண்டக்டர் இன்னும் "காலனி யாரு, எறங்கு" என்றுதான் கத்துகிறார். இதை எழுதும்போது எனக்கும் அப்படித்தான் வருகிறது.

சுழற்சி முறையில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி எங்கள் ஆட்களுக்கு, அதிலும் பெண்ணுக்கு என்று வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, யாரை நிறுத்தலாம் என்று தேடினார்கள். ஜெராக்ஸ் கடையில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டு, அதிர்ந்து பேசாமல் இருந்த என்னைப் பிடித்துப்போயிற்று. எழுதப் படிக்கத் தெரியும், நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடும் என்று நினைத்தார்கள். அவர்கள் நினைப்பது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். மூன்று தடவை தோற்றவளுக்கு எந்த வழியாக ஒரு நாற்காலி வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் கோவளத்தில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறார். அவர் மட்டும், "இன்னாமே, உன்ன ரப்பர் ஸ்டாம்பு ஆக்கப் பாக்கறானுங்கோ" என்றார்.

"ஸ்டாம்பு என் கையிலதானே இருக்கும்" என்றேன். வாய்ச்சவடாலில் நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை.

எனக்கு முன்னால் தலைவராக இருந்தவர், அதற்கு முன்னாலும் இருந்தவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. நல்ல மனுஷர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தொல்லையே அங்கேதான். திட்டுகிறவரோடு மல்லுக்கு நிற்கலாம். "வாம்மா, சாப்ட்டியா?" என்கிறவரை என்ன செய்வது? கினியா நாட்டை விட்டுப் போகும்போது பிரெஞ்சுக்காரர்கள் டெலிபோனைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் பழைய தலைவர் எதையும் கழற்றவில்லை. மேஜை, ஃபேன், சுவரில் அவர் அப்பாவின் படம், எல்லாம் அப்படியே இருந்தன. ஆபீஸ் சாவியை மட்டும் அவர் வீட்டில் வைத்துக்கொண்டார்.

காலையில் டேங்க் ஆபரேட்டர் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறப்பார். அதுவரை ஊராட்சித் தலைவராகிய நான் டிபன் பையோடு வாசலில் நிற்பேன். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். சாவியைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

பதவிக்கு வந்த முதல் ஜனவரி இருபத்தாறுக்குக் கொரோனா காய்ச்சல் வந்து வீட்டோடு கிடந்ததால், நான் கொடியேற்ற நின்ற முதல் நாள் ஆகஸ்ட் பதினைந்தாக அமைந்தது. ஆபீஸ் வாசலில் கம்பம், பூ வைத்து மடித்துக் கட்டின கொடி, தட்டு நிறைய ஆரஞ்சு மிட்டாய். புதுப்பட்டினத்தில் வாங்கின பச்சைப் புடவை கட்டியிருந்தேன். டேங்க் ஆபரேட்டர் கயிற்றின் நுனியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் முறைக்கவில்லை. நான் கயிற்றை வாங்கி, அப்படியே திரும்பி, பின்னால் நின்றவரிடம் நீட்டி, "நீங்களே ஏத்துங்க தலைவரே" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. யோசித்துச் செய்யவில்லை. பெரிய மனிதர் நிற்கும்போது முன்னால் போகக் கூடாது என்று உடம்பு பழகியிருந்தது, அதுவே கையை நீட்டிவிட்டது. அவர் ஒரு முறை "ச்சே, நீதாம்மா ஏத்தணும்" என்றார். இரண்டாம் முறை சொல்லவில்லை. கொடி பறந்தது, பூ விழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். மரியாதை தெரிந்த பெண் என்று என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு அப்போது பிடித்திருந்தது.

அன்று மத்தியானம் என் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டாள். நூறு நாள் வேலைக்குப் போகிறவள், பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஏன்டி, கவுறு உன் கைலதான வந்துச்சி?"

"ஆமா."

"எவனாவது புடுங்கினானா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குடி குட்த்த?"

தட்டை அப்படியே மூடி வைத்தேன். அவள் அதற்குப் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிடுங்கியிருந்தால் கலெக்டருக்கு மனு எழுதலாம், நானே நன்றாக எழுதுவேன். நானே கொடுத்ததற்கு யார் மேல் மனு எழுதுவது? அந்த நாலு நாளும் வெட்கத்தில் வெந்துகொண்டிருந்தேன்.

பிறகு படித்ததிலிருந்தே ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன். நம் நாடே விடுதலை வாங்கின கையோடு ஓர் ஆங்கிலேயரைத்தானே முதல் கவர்னர் ஜெனரலாக வைத்துக்கொண்டது? எத்தனையோ நாடுகள் கொடியை மாற்றிய பிறகும் இங்கிலாந்து ராணியையே தங்கள் ராணி என்று வைத்துக்கொண்டன. பழக்கம் ஒரே நாளில் போகாது, அவர்களுக்கே போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே செங்கல்பட்டு பஜாருக்குப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து ஆபீஸ் கதவில் மாட்டினேன். ஒரு சாவி எனக்கு, ஒன்று ஊராட்சிச் செயலருக்கு. மறுநாள் டேங்க் ஆபரேட்டர் பழைய சாவியோடு வந்து, பூட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பிப் போனார். பழைய தலைவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூட்டு மாற்றின தைரியத்தில்தான் கிராம சபை விஷயத்தைக் கையில் எடுத்தேன். வருஷத்துக்குச் சில நாள் ஊராட்சியில் இருக்கிற எல்லோரும் ஓரிடத்தில் கூடி, தண்ணீர், தெருவிளக்கு, ரோடு எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட வேண்டும். எங்கள் ஊராட்சியில் அது எப்போதும் ஊருக்குள் திரௌபதி அம்மன் கோயில் முன்னால்தான் நடக்கும். அன்று காலையில் டேங்க் ஆபரேட்டர் எங்கள் தெருவுக்கு வந்து, "கையெழுத்து போட வாங்கம்மா, சீக்கிரம்" என்று கூப்பிடுவார். எங்கள் ஆட்கள் போய் நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு, பந்தலுக்கு வெளியே ஓரமாக நிற்பார்கள். நான் பதவிக்கு வந்த பிறகும் பழைய தலைவர்தான் எங்கள் பக்கம் கண்ணைத் திருப்பாமல் தீர்மானங்களை வாசித்துக்கொண்டே போவார். ஏதாவது கேட்கலாம் என்று நினைப்பதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

ஆபீஸ் பீரோவில் பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. கிராம சபையை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, ஒவ்வொரு குடியிருப்பிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று இருந்தது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரு கிராம சபை நடந்து பார்த்ததில்லை. ஜனவரி இருபத்தாறுக்கு எங்கள் அங்கன்வாடி வாசலில்தான் கூட்டம் என்று எழுதச் சொன்னேன். ஆகஸ்ட் பதினைந்து வெள்ளைக்காரன் போன நாள், ஜனவரி இருபத்தாறு நாமே நம் சட்டத்தில் நடக்க ஆரம்பித்த நாள். கோட்டை விட்ட முதல் நாளுக்குப் பதில் இரண்டாவது நாளையாவது பிடித்துவிட வேண்டும் என்று இருந்தது.

செயலர் பக்கத்துக் கிராமத்துக்காரர், பயந்த சுபாவம். பேனாவை மூடிவிட்டு, "மேடம், பேஜாராயிடும்" என்றார்.

"சுத்தறிக்கைல இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"அப்ப எழுதுங்க."

நோட்டீஸ் ஒட்டின மறுநாள் பழைய தலைவர் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். டீ வந்தது. பாதி குடித்துவிட்டுப் பேசினார்.

"நான் ஒண்ணும் சொல்லல்லம்மா. ஆனா அங்க வச்சா ஊர்க்காரங்க வரமாட்டாங்கோ. ஆள் கொறஞ்சா கோரம் இல்ல. கோரம் இல்லன்னா கூட்டம் செல்லாது. யூனியன் ஆபீஸ்ல உன்னத்தான் கேப்பாங்கோ. கெட்ட பேரு உனக்குத்தான்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இத்தனை பேர் வந்தால்தான் சபை, இல்லாவிட்டால் அது சபையே இல்லை. நான் கூட்டின கூட்டம் ஆளில்லாமல் கலைந்தால், காலனிக்காரிக்கு ஒரு கூட்டம் நடத்தத் துப்பில்லை என்று ஆகிவிடும். எனக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு யாரும் எங்கள் தெருவில் ஒரு சபை கூட்டத் துணிய மாட்டார்கள். "பாத்துக்கறேன் தலைவரே" என்று சொல்லி அனுப்பினேன்.

பொங்கல் முழுக்க எனக்குக் கரும்பு கசந்தது. ஊரில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "பாக்கறோம்மா", "வேல இருக்குது", "காலு வலி". வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கீழத்தெருவில் ஒரு பெண் மட்டும், என் அம்மாவோடு நூறு நாள் வேலையில் ஒரே குழுவில் ஏரி வெட்டுகிறவள், வாசல்வரை வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து அவள் மாமியார் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

ஜனவரி இருபத்தாறு காலையில் ஆபீசில் கொடியை நானே ஏற்றினேன். ஆனால் அன்று என் நினைப்பெல்லாம் பதினோரு மணியில்தான் இருந்தது.

அங்கன்வாடி வாசலில் சாமியானா போட்டு, கோலம் போட்டு, ஐம்பது நாற்காலி வாடகைக்கு எடுத்து, தரையில் ஜமுக்காளமும் விரித்திருந்தோம். எங்கள் தெருவே குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தது. நான் மைக் முன்னால் போய் நின்று கூட்டத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஐம்பது நாற்காலியும் காலியாக இருந்தன. முன்னால் விரித்த ஜமுக்காளமும் காலி. எங்கள் சனம் மொத்தமும் சாமியானாவுக்கு வெளியே, சுவரோரம், வெயிலில் நின்றுகொண்டிருந்தது. தங்கள் தெருவில், தாங்கள் போட்ட பந்தலுக்கு வெளியே.

"யாருக்கு இடம் உட்டு வச்சிக்கினு நிக்கறீங்கோ?" என்று மைக்கிலேயே கத்தினேன்.

ஒரு பெரியவர், "ஊர்ல இருந்து வருவாங்கோ இல்ல" என்றார்.

"வந்தா அவங்க ஒக்காருவாங்க. நீங்க இப்ப ஒக்காருங்க. இது யாரு வூட்டு வாசலு?"

எனக்கு ஆகஸ்ட் மாதத்துக் கயிறு ஞாபகம் வந்தது. யாரைத் திட்டுகிறேன், அவர்களையா என்னையா என்று எனக்கே பிடிபடவில்லை. மெதுவாக ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்காலியின் நுனியில், எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்தார்கள்.

பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஏரிக்கரை ரோட்டில் பழைய தலைவர் பைக்கை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடியே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். செயலர் வருகை நோட்டை எல்லோரிடமும் சுற்றவிட்டுக் கையெழுத்து வாங்கி, விரலால் எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்தவர் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு அதே நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டி, அங்கேயும் எதையோ எண்ணினார்.

"கம்மியா?" என்றேன்.

"இல்ல மேடம்." நோட்டை என் பக்கம் திருப்பினார். "கோரம் கீது. இவங்களே போதும். பழசையும் பாருங்க, எப்பவும் இவங்கதான்."

பார்த்தேன். போன கூட்டம், அதற்கு முந்தைய கூட்டங்கள், பக்கம் பக்கமாக எங்கள் தெருப் பெயர்கள், எங்கள் தெருக் கைநாட்டுகள். என் அம்மாவின் கைநாட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்தது. ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேருக்கு மேல் எந்தக் கூட்டத்திலும் இல்லை. கோயில் முன்னால் இத்தனை வருஷம் சபை நடந்ததே பந்தலுக்கு வெளியே நின்றவர்களை வைத்துத்தான். பழைய தலைவரும் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எண்ணியிருந்தால் ஆள் வராது என்று என்னைப் பயமுறுத்தியிருக்க மாட்டார்.

இத்தனை பெரிய தேசத்தை எங்கிருந்தோ கப்பலில் வந்த கொஞ்சம் வெள்ளைக்காரர்கள் எப்படி ஆண்டார்கள் என்பது படிக்கிற காலத்தில் எனக்குப் புரியாத விஷயம். சிப்பாயும் நம் ஆள், குமாஸ்தாவும் நம் ஆள் என்று புத்தகத்தில் இருந்ததை மார்க்குக்காக அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மைக்கில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கினதும் ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. நாற்காலி நுனியில் இருந்தவர்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். "அப்ப நீ ஆரம்பிமே, யாருக்கு வெயிட்டிங்கு?" என்றார் அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர். ஆரம்பித்தேன். முதல் தீர்மானம், எங்கள் தெருவுக்கு விளக்கு. வாசித்தேன், கை தூக்கினார்கள், நிறைவேறியது. இரண்டாவது, குழாயடிக்குச் சிமெண்டுத் தரை. என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள், கீழத்தெருப் பெண். ஊரிலிருந்து வந்தது அவள் ஒருத்திதான். தனியாக, வேகமாக நடந்து வந்து, சாமியானாவுக்கு வெளியே சுவரோரமாக நின்றாள். நான் பார்த்தேன். எங்கள் ஆட்களும் பார்த்தார்கள். எவரும் நகரவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் கையைப் பாதி தூக்கினாள். நான் கண்ணைக் காகிதத்துக்குத் திருப்பி மூன்றாவது தீர்மானத்தை வாசித்தேன். பிறகு நான்காவது. உச்சி வெயிலில் அவள் முகம் வியர்த்து வழிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. நிற்கட்டும், எங்கள் அம்மாக்கள் நிற்காததா என்று இருந்தது.

ஐந்தாவதை எடுக்கும்போது என் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அவள் கையைப் பிடித்து, "இன்னாத்துக்கு வெயில்ல நிக்கற, வா" என்று கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். தான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நிற்கிற ஆளைப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் தானாக வந்துவிட்டது. அன்று எங்கள் தெருவில் நானே இன்னொரு பழைய தலைவராக நின்றிருக்கிறேன், இரண்டு தீர்மானம் வாசிக்கிற நேரம். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, மைக்கைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, "சொல்லுங்கக்கா" என்றேன்.

"கீழத்தெருவுல எட்டு நாளா தண்ணி வரல்லம்மா" என்றாள். "கோயிலாண்ட கேட்டா பொம்பள பேசாதன்றாங்கோ. அதான் இங்க வந்தேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லி முடிக்கிறவரை, நான் அவளைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றேன்.